காய்ந்த வெள்ளம்

1956ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதினேழாம் தேதி புதன்கிழமை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, கம்பிப்பாலத் தோட்டத்துக்கு வெள்ளம் வந்தது. அதில் தண்ணீர் இல்லை. முதலில் ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் வாசல்களில் கிடந்த செருப்புகள் தரையை விட்டு எழுந்து முழங்கால் உயரத்தில் நின்றன. பிறகு மெதுவாகத் தெற்குப் பக்கம் நகர்ந்தன. அவற்றின் பின்னால் விளக்குமாறுகள் போயின, ஒரு வாழைத்தண்டு போனது, அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கோழி கூடையோடு போனது. கோழிக்கு இறங்க மனமில்லை. பெரட்டில் நின்றவர்களின் கால்களை ஏதோ இழுத்தது. பெண்கள் கைலியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நெல்வயல் சேற்றின் வாடை அடித்தது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நெல்வயலைப் பார்த்ததில்லை என்பதால், யாரோ சாக்கடையைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

தோட்டத்துக்கு இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு. அது வாசல் பலகையில் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்த நாலு பேரும் நாலு விதமாக வாசித்ததால், பக்கத்து ஓடையின் மேலிருந்த கம்பிப்பாலத்தின் பேரே நிலைத்துவிட்டது. மலாயாவில், ரந்தாவ் ஊரிலிருந்து ஆறு மைல். அன்று அந்த ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் மழைக்கு ஒரே ஒரு சட்டம்தான். பெரட்டு முடிவதற்குள், ஆட்களை மேய்க்கும் மண்டோர் முதல் நிரையின் முதல் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கை ஈரமானால் பால் வெட்டு இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. கை காய்ந்திருந்தால் எல்லாரும் வேலைக்குப் போக வேண்டும். மண்டோர் முனியாண்டி இருபது வருஷமாக மரத்தைத் தொட்டு வருபவர். அன்றும் தொட்டார்.

"பட்ட காஞ்சிருக்கு. போங்கலா போங்க, இன்னிக்கு வெட்டு உண்டு."

"மண்டோரய்யா, காலையே எடுத்து வைக்க முடியலலா. வெள்ளம் இழுக்குது," என்றான் பால்வெட்டுக்காரன் தங்கராஜு.

"வெள்ளமா? இந்தா என் கையப் பாரு. ஈரம் இருக்கா? இல்லல்ல? அப்புறம் என்னா வெள்ளம்?"

இப்படிச் சொல்லிவிட்டு முனியாண்டி தன் கைலியைத் தொடை வரைக்கும் மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலையும் இழுத்து இழுத்து நடந்து போனார். ஆட்களும் போனார்கள். மரத்தைக் கீறினார்கள். பால் வழக்கம்போலக் கோட்டில் இறங்கித் தகரத்தின் நுனிக்கு வந்தது. ஆனால் பால் பிடிக்கும் மங்குக்குள் விழவில்லை. மங்குகள் முழங்காலுக்குக் கீழே கம்பியில் உட்கார்ந்திருப்பவை. அவற்றின் வாய்மேல் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. பால் நூலாகப் பிரிந்து, படுக்கைவாட்டில், மரத்துக்கு மரம் தாண்டித் தெற்கே மிதந்து போனது. எட்டு மணிக்கெல்லாம் நிரைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான வெள்ளை நூல்கள். அவை தோட்டத்து முள்கம்பியைக் கடந்து, ரோட்டைக் கடந்து, போர்டிக்சன் கடற்கரைப் பக்கம் போவதைப் பார்த்ததாக ஒரு லாரிக்காரர் பிறகு சொன்னார். மத்தியானம் ஸ்டோரில் பாலை நிறுத்தபோது தோட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒன்பது ராத்தல் இருந்தது. அன்று ரந்தாவ் கடையில் கருவாடு ஒரு கட்டி எடை எழுபது காசு.

விஷயம் மூன்றாம் நாள் பத்திரிகையில் வந்தது. சயாம் நாட்டில் பெரிய ஆறு உடைத்துக்கொண்டு, நெல் விளையும் பூமியெல்லாம் முழுகிவிட்டதாம். ரயில் தண்டவாளத்தை மண் மூடிவிட்டதாம். அங்கே கதிர் முற்றியிருந்த நெல், இங்கே வரவேண்டிய அரிசி. சயாம் எங்கே இருக்கிறது என்று கம்பிப்பாலத் தோட்டத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போட அங்கே பிடித்துக்கொண்டு போன அறுபத்திரண்டு ஆண்களில் ஏழு பேர்தான் இந்தத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அதனால் சயாம் எவ்வளவு தூரம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. அது பள்ளத்தைப் பார்த்தால் நின்றுவிடும். வெள்ளம் அப்படி நிற்காது. தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டு அது தனியாகக் கிளம்பும். அரிசி போகும் வழியெல்லாம் அது போகும், தண்டவாளத்தின் மேலேயே ஏறி வரும், கிடைக்கும் பள்ளத்தில் இறங்கும். நம் ஆட்களுடைய லயங்கள் எப்போதும் பள்ளத்தில்தான் கட்டப்பட்டிருக்கும். துரையின் பங்களா குன்றின்மேல் இருந்தது. அங்கே ஒரு செருப்புகூட அசையவில்லை.

இதெல்லாம் அவசரகாலத்தில் நடந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களைப் பட்டினி போட்டுப் பிடிக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. காட்டிலிருப்பவனைப் பட்டினி போடுவதற்கு முதலில் லயத்திலிருப்பவன் வீட்டு அரிசிப் பானையைப் பிடுங்கினார்கள். லயங்களைச் சுற்றி முள்கம்பி கட்டினார்கள். எந்த வீட்டிலும் வேகாத அரிசி ஒரு மணிகூட இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். தோட்டத்துக்கு ஒரே அடுப்பு, ஒரே உலை. மூட்டைகளைப் பூட்டி வைத்துக் காவல் போட்டு, நிறுத்துக் கொடுத்து, வேகவைத்த சோறாக மட்டும் அகப்பையில் அளந்து போட்டார்கள். சோறு ஒரு நாளில் ஊசிப்போகும், காட்டுக்குக் கடத்த முடியாது என்பது கணக்கு. வாசலில் பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு வருஷமாகத் தோட்டத்தில் தோசை இல்லை, பொங்கல் பானை பொங்கவில்லை. இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் கூட்டுச் சமையல் கொட்டகையின் சாவி மயிலம்மாளிடம் இருந்தது. முப்பத்தாறு வயது. அவளுடைய புருஷன் சயாமுக்குப் போன அறுபத்திரண்டில் ஒருவன், திரும்பிய ஏழில் இல்லை. அதன்பிறகு பதின்மூன்று வருஷம் பால் வெட்டி, பால்வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் சுமந்து, தோள்பட்டை இறங்கிப்போனதால் அவளைச் சமையலுக்குப் போட்டார்கள். யார் வீட்டில் எத்தனை வாய் என்று அவளுக்கு மனப்பாடம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அடிச்சோறு, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சித்தண்ணி என்று பார்த்துப் பார்த்து ஊற்றுவாள். தன் பங்கைக் கடைசியாகத்தான் எடுப்பாள்.

வெள்ளம் வந்த அன்று காலை பத்து மணிக்கு அவள் அரிசி அறையைத் திறந்தாள். மூட்டைகள் பலகைமேல் அடுக்கியிருந்தன. முழங்காலுக்குக் கீழே இருந்த சணல் கண்களின் வழியாக அரிசி ஒவ்வொரு மணியாக வெளியே வந்து, காற்றில் கிடையாக நின்று, பிறகு வரிசை பிடித்துக் கம்பி வலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மேலிருந்த அரிசி சரிந்து இறங்கி அதுவும் போனது. மயிலம்மாள் முந்தானையை விரித்துப் பிடித்தாள். முந்தானையும் சேர்ந்து போகப் பார்த்தது. வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவல்காரர் தன் முழங்காலை உரசிக்கொண்டு போகும் அரிசியைப் பார்த்தார், மயிலம்மாளைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அரிசி நடந்து போனால் தடுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு இருந்தது. மிதந்து போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் நேரே ஆபீசுக்குப் போய்க் கிராணி திருநாவுக்கரசிடம் சொன்னாள். கிராணியார் வெள்ளைக் கால்சட்டைக்காரர். தோட்டத்துக் கடிதம் எல்லாம் அவர் கையால் தட்டச்சாகிப் போவதுதான். ஆபீஸ் பாதி மேட்டில் இருந்தது. வீட்டிலிருந்து அங்கே வந்து சேர அவர் காலையில் கால்சட்டையை இரண்டு பக்கமும் முழங்கால்வரை நேர்த்தியாகச் சுருட்டி, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருந்தார்.

"எழுதுங்க ஐயா. அரிசி வெள்ளத்துல போவுதுன்னு எழுதுங்க. நாளைக்கி எம்மேல பழி வந்துரும்."

"எழுதினா எத்தன அடி தண்ணின்னு கேப்பான் மயிலம்மா. நான் என்னத்தச் சொல்ல?"

"நீங்க நடந்து வந்தீங்கள்ல, அந்த அளவச் சொல்லுங்க."

கிராணியார் சுருட்டின கால்சட்டையை இறக்கிவிட்டு, மடிப்பைத் தடவிச் சரிசெய்துகொண்டு, பார்க்கலாம் என்றார்.

பார்த்தது வேறு ஆட்கள். ஐந்தாம் நாள் ஏதோ ஓர் இலாகாவிலிருந்து ஒருவர் அளவுகோலோடு வந்தார். வெள்ளத்தில் கஷ்டப்படுகிறவர்களுக்கு மாவும் சீனியும் கொடுப்பதற்கு எழுதி நிரப்பும் அச்சுப் பாரம் அவரிடம் இருந்தது. அளவுகோலை லயத்து வாசலில் ஊன்றினார். அது கையை விட்டு மிதந்து போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டார். கோலை மேலே தூக்கி விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. வெள்ளத்தின் ஆழம் என்ற இடத்தில் சைபர் போட்டு, கிராணியாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தொலைவில் மிதந்துகொண்டிருந்த தன் தொப்பியை ஓடிப்போய்ப் பிடித்து மாட்டிக்கொண்டு போனார். ஈரமாகக் கஷ்டப்படுகிறவர்களுக்குத்தான் மாவு. காய்ந்துபோய்க் கஷ்டப்படுகிறவர்களுக்கு இந்த உலகத்தில் எந்தப் பாரமும் அச்சடிக்கவில்லை.

ஆளுக்கு இரண்டு அகப்பை என்றிருந்த சோறு ஒன்றரை ஆனது, ஒன்றானது. பால் இல்லாததால் கூலியும் இல்லை. மாவு வாங்கலாம் என்றால் ரந்தாவ் கடையில் மாவு விலை ஏறிவிட்டது. அரிசி இல்லாத ஊரெல்லாம் மாவைத் தேடி ஓடியிருந்தது. தம்பின் பட்டணத்திலும் அப்படித்தான் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அவர்களும் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்து இறங்கினார்கள். பசி வந்தால் கண்ணால் பார்த்ததைக்கூட மனிதன் மறந்துவிடுவான். அரிசி மிதந்து போவதை நேரில் பார்த்தவர்களே, மயிலம்மாள் கொட்டகையில் என்னதான் நடக்கிறது என்று முணுமுணுத்தார்கள். அவள் ஒரு வாரத்தில் பாதியாக இளைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை நல்லசாமி செத்துப்போனார். வெளிக்காட்டில் புல் வெட்டுகிறவர், அறுபது வயது இருக்கும். இளைப்பு நோய். கட்டிலில்லை, தரையில் பாய் விரித்துத்தான் படுக்கை. மற்றவர்கள் பலகையைப் போட்டு மேலே ஏறிப் படுத்துக்கொண்டார்கள்; அவருக்கு ஏற முடியவில்லை. அவருடைய மூக்குக்கு மேலே ஒரு முழம் வெள்ளம். எட்டு நாள் அதற்குள் கிடந்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, மத்தியானம் அவர் மனைவி மாரியம்மா கஞ்சி வாங்கப் போயிருந்த நேரத்தில், காய்ந்த பாயில், காய்ந்த வேட்டியோடு, முழுகிச் செத்தார். மருந்துக்காரர் வந்து நெஞ்சுவலி என்று எழுதினார்.

மாரியம்மா அழுதுகொண்டே கொட்டகைக்கு வந்தாள்.

"மயிலு, வாய்க்கரிசிக்கு ஒரு பிடி குடுடி. வெந்த சோத்தப் போட்டு அனுப்பச் சொல்றாங்க. நாப்பது வருசம் புல்லு வெட்டுன மனுசன்டி. சோத்தப் போட்டா அனுப்புவேன்?"

வேகாத அரிசியைக் கையில் எடுத்துக் கொடுப்பவருக்கு ஐந்து வருஷம் ஜெயில் என்று கொட்டகைச் சுவரிலேயே மூன்று பாஷையில் ஒட்டியிருந்தது. காவல்காரர் அந்தப் பக்கம் போயிருந்த நேரத்தில் மயிலம்மாள் அறையைத் திறந்து, மூட்டையின் மேல்பக்கத்தில், வெள்ளம் தொடாத இடத்தில், ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் கையால் வெளியே போன வேகாத அரிசி அது மட்டும்தான். சுடுகாடு முள்கம்பிக்கு வெளியே, காட்டோரத்தில் இருந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து விரல் நுனியில் எடுத்து நல்லசாமியின் வாயில் போட்டார்கள். பசியோடு இருந்தவர்கள்தான் எல்லாரும். ஒரு மணி கீழே சிந்தவில்லை, ஒரு மணி உயிரோடிருந்த யார் வாய்க்கும் போகவில்லை.

முப்பதாம் தேதி விசாரணை. பதினொரு மூட்டை அரிசி குறைகிறது, அது காட்டுக்குப் போயிருக்கிறது என்று மேலே எழுதிப் போயிருந்தது. பட்டணத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். பெரட்டுக் களத்தில் மேசை போட்டார்கள். மேசை நகர்ந்து போகாமல் இருக்க இரண்டு போலீஸ்காரர்கள் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி பூட்ஸைக் கழற்றி, நாடாக்களை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். கிராணியார் பக்கத்தில் நின்று அவர் பேசியதைத் தமிழில் சொன்னார்.

"அரிசி எங்கே போச்சுன்னு கேக்குறாரு."

"வெள்ளத்துல போச்சு. இந்தா, இப்பவும் போயிட்டிருக்கே, அவரப் பாக்கச் சொல்லுங்க."

அதிகாரி பார்க்கவில்லை. சைபர் போட்ட பாரத்தைப் பார்த்தார். பிறகு, நீ எப்போதாவது யாருக்காவது வேகாத அரிசி கொடுத்ததுண்டா, ஒரு மணியாவது, என்று கேட்டார். களத்தில் இருநூறு பேர் நின்றார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு தாயே என்று அத்தனை பேரும் மனசுக்குள் கும்பிட்டார்கள். சாட்சி கிடையாது. அவள் கொடுத்ததைப் பார்த்தவள் மாரியம்மா ஒருத்திதான், அவள் சொல்லப் போவதில்லை. ஆனால் வாய்க்கரிசி கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று சொல்வது, போனவன் வாயிலிருந்து அதைத் திருப்பி எடுப்பது மாதிரி. அப்படி ஒரு பொய்யைச் சொல்லி உயிர் வாழலாம் என்பது மயிலம்மாளுக்குத் தோன்றவே இல்லை. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்கிற தப்பை அவள் செய்தாள்.

"குடுத்தேன். ஒரு பிடி. நல்லசாமி அண்ணனுக்கு வாய்க்கரிசி போட."

"எம்புருசன் வாயில நாந்தான் போட்டேன்! ஒரு மணி மிச்சமில்ல தொர!" என்று மாரியம்மா கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள்.

கிராணியார் ஒன்றுவிடாமல் சொன்னார். ஆள் செத்துப்போனதையும், அது இவர்களுடைய சடங்கு என்பதையும்கூடச் சொன்னார். அதிகாரி, அந்தச் சுடுகாடு எங்கே என்று மட்டும் கேட்டார். கம்பிக்கு வெளியே, காட்டோரத்தில். கம்பியைத் தாண்டின அரிசி கம்பியைத் தாண்டினதுதான் என்றார் அதிகாரி. ஒரு பிடியைத் தாண்ட வைத்தவள் பதினொரு மூட்டையையும் தாண்ட வைத்திருப்பாள். ஊருக்கெல்லாம் சோறு பங்கிட்டவளைப் பற்றி ஐந்து நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். பிறந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்று தீர்ப்பு. பிறந்த நாடு என்ற இடத்தில் திருச்சி ஜில்லாவில் ஒரு கிராமத்தின் பேரைப் போட்டிருந்தார்கள். அவளுடைய அப்பன் கப்பலேறின ஊர் அது. மயிலம்மாள் பிறந்தது இதே தோட்டத்தில், மூன்றாம் லயத்தில், ஏழாம் வீட்டில். அந்தக் கிராமத்தில் அவள் பேரைச் சொன்னால் திரும்பிப் பார்க்க ஒரு நாய்கூட இல்லை.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதிகாரி மேல் இல்லை, கிராணியார் மேல்.

"கிராணியாரே, வெள்ளம் இல்லேன்னு கையெழுத்துப் போட்டீங்கள்ல. அப்புறம் எதுக்குக் கால்சட்டையச் சுருட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

களத்தில் எல்லாரும் குனிந்து கால்களைப் பார்த்தார்கள். கிராணியாரின் கால்சட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தது. இரண்டு போலீஸ்காரர்களுடையதும் சுருட்டியிருந்தது. வெள்ளைக்காரரின் காக்கி முழங்காலுக்கு மேலே ஏறி, சிவந்த கெண்டைக்கால் ரோமத்தோடு தெரிந்தது. அதிகாரி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை. அழுகிறாள்," என்று கிராணியார் இங்கிலீஷில் சொன்னார்.

அவள் அழவில்லை. அந்த ஒரு பொய்க்காகத் திருநாவுக்கரசை இந்தத் தோட்டம் கடைசிவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் கூடாது. ஏனென்றால் அதே வாரம் அதே தட்டச்சு இயந்திரத்தில், கம்பெனியின் லண்டன் ஆபீசுக்கு அவர் இன்னொரு கடிதமும் அடித்திருந்தார். கம்பிப்பாலத் தோட்டத்தில் இரண்டடி வெள்ளம், பால் முழுவதும் நஷ்டம் என்று துரை சொல்லச் சொல்ல அடித்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கம்பெனிக்கு ஈடு கொடுத்தார்கள். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் பார்த்தபோது இரண்டடி. வாசலில் ஊன்றிப் பார்த்தபோது சைபர். கொள்ளை போனது நம் சோறு, நஷ்டஈடு போனது அவர்கள் வீட்டுக்கு. இந்தக் கடிதம் பல வருஷம் கழித்து ஆபீஸ் அலமாரியைக் காலி செய்தபோது வெளியே வந்தது.

நவம்பர் முதல் தேதி, தீபாவளிக்கு முந்தின நாள் காலை, மயிலம்மாளை ஏற்றிக்கொண்டு போக போலீஸ் லாரி வந்தது. அவள் ஒரு தகரப் பெட்டியோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மாரியம்மா சக்கரத்துக்கு முன்னால் மண்ணில் விழுந்து கிடந்தாள். அவளைத் தூக்கி அப்புறப்படுத்தினார்கள். டிரைவர் இயந்திரத்தை முடுக்கினார். சக்கரங்கள் நாலும் சுற்றின. லாரி முன்னால் போகவில்லை. அதன் டயர்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. மேட்டிலிருந்து லயத்துப் பள்ளத்துக்கு இறங்கினதுமே வெள்ளம் அதைத் தூக்கிவிட்டிருந்தது. அது பக்கவாட்டில் திரும்பித் தெற்கே போகப் பார்த்ததால், கயிற்றைப் போட்டு ஒரு ரப்பர் மரத்தில் கட்டினார்கள். டிரைவர் கியரை மாற்றி மாற்றிப் பார்த்தார். பத்து மணியானது. உலை வைக்க நேரமாகிவிட்டது என்று மயிலம்மாள் கீழே இறங்கிக் கொட்டகைக்குப் போனாள். போலீஸ்காரர்களும் அவள் வடித்த சோற்றைத்தான் சாப்பிட வேண்டும் என்பதால் வழி விட்டார்கள்.

லாரி ஏன் வரவில்லை என்று மேலிடம் கேட்டது. வெள்ளம் என்று எழுத முடியாது, வெள்ளம் சைபர். பழுது என்று எழுதினார்கள். மெக்கானிக் வந்து பார்த்து, லாரி முதல் தரமான நிலையில் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். ஒரு லாரி நல்ல நிலையில் இருக்கும்போது இன்னொரு லாரி அனுப்ப விதி இல்லை. கைதியை உத்தரவில் எழுதியிருக்கும் வண்டியில் தவிர வேறு எதிலும் ஏற்றவும் விதி இல்லை. நம்மை வதைப்பதற்கென்று அவர்கள் அடுக்கி வைத்த விதிகளில் இரண்டு, தவறிப்போய், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மாட்டிக்கொண்டன. கைதியை லாரி கிளம்பும்வரை தோட்டத்திலேயே வைத்திருக்க உத்தரவு வந்தது. மாதத்துக்கு ஒருமுறை ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். மேட்டில் ஜீப்பை நிறுத்தி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்குவார், லாரியைச் சுற்றி வருவார், போவார்.

ஜனவரியில் சயாமில் தண்ணீர் வடிந்தது. பிப்ரவரியில் ரயில் ஓடியது, அரிசி வந்தது. மார்ச் மாதம் பதினோராம் தேதி காலைப் பெரட்டில், ஆட்களின் கால்கள் இழுபடாமல் லேசாக இருந்தன. மங்குகளில் பால் விழுந்தது. வெள்ளம் போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் சந்தோஷப்படவில்லை. எல்லாரும் திரும்பி லாரியைப் பார்த்தார்கள். அதன் சக்கரங்கள் தரையைத் தொட்டிருந்தன. மறுநாள் இன்ஸ்பெக்டர் வரும் நாள்.

"இத்தன நாளு அது நம்மள முழுங்குச்சு," என்றான் தங்கராஜு. "நம்ம வெள்ளம்லா இது. போக விடுறதா?"

பால் வெட்டு முடிந்ததும் நாற்பது பேர் வந்து லாரியின் நாலு பக்கமும் தோள் கொடுத்தார்கள். மண்டோர் முனியாண்டியும் வந்தார். மாரியம்மா பின்சக்கரத்தைப் பிடித்தாள். அடியில் முட்டுக்கட்டை வைப்பது என்றுதான் பேச்சு. தூக்கினார்கள். அது சுலபமாக எழுந்தது. கட்டை எடுக்கப் போனவன் வருவதற்குள் கை வலித்து ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். லாரி அங்கேயே நின்றது, தரைக்கு ஒரு சாண் மேலே, கயிறு தொய்யாமல். அதன்பிறகு மிதப்பதற்கு அதற்கு வெள்ளம் தேவைப்படவில்லை. மறுநாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது, லயத்து ஆட்கள் அத்தனை பேரும் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, குனிந்து தன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டார். கிராணியார் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். தூக்க வரவில்லை, காட்டிக் கொடுக்கவும் இல்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

நாடு சுதந்திரம் வாங்கியது. கூட்டுச் சமையல் எடுபட்டது, முள்கம்பி எடுபட்டது, அவசரகாலம் முடிந்தது. மயிலம்மாளின் உத்தரவை மட்டும் ரத்து செய்ய யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் போய் நம் நாட்டு இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். பழைய கோப்பில் இருந்ததால் அவர்களும் மாதம் ஒருமுறை வந்து லாரியைச் சுற்றிப் பார்த்தார்கள். அவள் திரும்பவும் பால் வெட்டப் போனாள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, லாரி கட்டியிருந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைகள் காலை இழுத்து நடக்கத்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள். ரந்தாவ் பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்தே எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்களாம்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மயிலம்மாள் மூன்றாம் லயத்தில், ஏழாம் வீட்டில், கட்டிலில் படுத்தபடியே செத்துப்போனாள். வாய்க்கரிசி போட வீட்டுக்கு ஒரு பிடியாக அரிசி வந்தது. நூற்றுப்பத்து வீடு. அவ்வளவையும் ஒரு வாயில் போட முடியாது. மீதியை மாரியம்மா இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அவளைச் சுற்றிக் கொட்டினாள். போதும் என்று யாரும் தடுக்கவில்லை. சாயந்தரம் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள், லாரி தரையில் இறங்கி நிற்பதைப் பார்த்தார்கள். நாலு டயரிலும் காற்று அப்படியே இருந்தது. யாரும் அதைத் தூக்கப் போகவில்லை. இனிமேல் அது யாரையும் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

அடுத்த வாரம் லாரியை எடுத்துப் போக மூன்று இளம் போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவசரகாலத்தில் அவர்கள் பிறந்திருக்கவே இல்லை. மேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். நல்ல வெயில். மூன்று பேரும் குனிந்து, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள்.